தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் ஏழு ஆண்டுகள்: கனிமத் தேடலில் கையடக்க ஜிபிஎஸ் கருவி

அரூர், ஊத்தங்கரைப் பகுதியில் மாலிப்டினம் என்ற உலோகத்தைத் தாங்கிய வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நாளங்களையும், சாமல்பட்டியைச் சுற்றியுள்ள கார்பனடைட் என்னும் கார்பனேட் மிகுந்த எரிமப் பாறைகளையும், அஞ்செட்டிப் பக்கத்து மலைச்சரிவுகளையும் தேடி நடந்த ஏழு ஆண்டுகளாக, ஒரே கையடக்க ஜிபிஎஸ் கருவியைப் பயன்படுத்தி வருகிறேன். கைபேசி போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கிலும் கைபேசி இடத்தைக் காட்டும், ஆனால் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். இந்தக் கருவி இரண்டு பென்சில் செல்லில் முழு நாளும் தாங்குகிறது. யானை நடமாட்டத்தால் மாலை நான்கு மணிக்குள் காட்டை விட்டு வெளியேறியாக வேண்டிய இடங்களில், வந்த தடத்திலேயே திரும்ப அது பலமுறை உதவியிருக்கிறது.

இனி, இந்த மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கல். உலகை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து, இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் 43, 44 ஆகிய இரு மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இங்கேதான் செல்கிறது. தர்மபுரியும் அரூரும் ஒரு மண்டலம். பென்னாகரமும் தேன்கனிக்கோட்டையும் மற்றொன்று. அந்தத் தீர்க்கரேகையைக் கடந்து கிழக்கே வந்தால், 8,26,000-ஐ ஒட்டியிருந்த கிழக்கு எண் (கிழக்கு-மேற்குத் திசையில் இடத்தைக் குறிக்கும் மீட்டர் அளவு) 1,74,000-ஐ ஒட்டி விழுந்துவிடும். முதல் ஆண்டில் மண்டல எண்ணைக் குறிக்காமல் எழுதிய என் மாதிரிகள், வரைபடத்தில் வங்கக் கடலுக்குள் போய் நின்றன. கண்ணுக்குத் தெரிந்த பிழை என்பதால் அன்றே திருத்திவிட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் எங்களை வாட்டியது. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய டேட்டத்தில், அதாவது பூமியின் வடிவத்தை வைத்து இடங்களைக் கணக்கிடும் அடிப்படையில், அமைந்தவை. கருவி காட்டுவதோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு டேட்டம். 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களில் இந்த வேறுபாடு இல்லை. பழைய தாளின் எண்களை மாற்றாமல் அப்படியே கருவியில் இட்டால், இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகிவிடும். மூன்றாம் ஆண்டில் ஊத்தங்கரைக்கு அருகே நான் செய்தது அதைத்தான். பட்டாதாரரிடம் ஒப்புதல் பெற்று, நான்கு பேர் மூன்று நாள் அகழி வெட்டியும் நாங்கள் தேடிய கனிமம் இல்லாத, வரிவரியான வெறும் நைஸ் பாறைதான் வந்தது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "சார், வெங்கச்சாங்கல்லு இங்க இல்லீங்க, அந்த ஓடைக்கு அக்கட்டால இருக்குது" என்றார். போய் ஒரு கல்லை உடைத்தேன்; ஈயச் சாம்பல் நிறத்தில் மெல்லிய செதில்கள் மின்னின. ஒன்றைக் குறிப்பேட்டுத் தாளில் தேய்த்தபோது, பென்சில் கோடு போலவே தடம் விழுந்தது. மாலிப்டினத்தின் தாதுவான மாலிப்டினைட் என்று தெரிந்ததும் என் கை நடுங்கியது.

அந்த நிலம் வேறொருவருடையது. அகழியை மூடி, புதிதாக ஒப்புதல் பெற ஐந்து வாரமாயிற்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டு ஜீப் தடம் சேறாகிவிட்டது. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள மாதிரிப் பைகளைத் தலைச்சுமையாகவே சாலைக்குக் கொண்டுவந்தோம். துணிப் பையின் மேல் எழுதிய எண்கள் ஈரத்தில் கரைந்தன. உள்ளே ஆணியால் கீறிப் போட்டிருந்த அலுமினியத் தகடுகளே மாதிரிகளைக் காப்பாற்றின.

கருவியின் ரப்பர் உறை ஐந்தாம் ஆண்டில் உரிந்தது. அடர்ந்த மரநிழலில் அது காட்டும் இடம் சற்றே அலைகிறது. இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். ஆனால் டேட்டம் அமைப்பு நான்கு திரைகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆகவே ஒவ்வொரு பருவமும் கிளம்புமுன், சாமல்பட்டி ரயில் நிலையத்தின் அருகே ஒரே இடத்தில் நின்று எண்களைப் பார்த்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மண்டலத்தையும் டேட்டத்தையும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே வண்டியில் ஏறுகிறேன்.