நாகூர் தர்காவும் அதன் சிங்கப்பூர்ச் சாயலும்

நாகூர் ஆண்டவர் எனப் போற்றப்படும் 16-ஆம் நூற்றாண்டுச் சூஃபி ஞானி ஷாகுல் ஹமீதின் பெயரால் விளங்கும் பல தர்காக்களுள், நாகூரில் இருப்பது அவர் அடக்கமாகியுள்ள இடம். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் இருப்பதோ அடக்கம் இல்லாத நினைவிடம். இரண்டின் அமைப்பும் வெவ்வேறாக அமைந்ததற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

நாகூரில் ஞானியின் அடக்கமும், அதன் அருகே மகன் யூசுபு, மருமகள் ஆகியோரின் அடக்கங்களும் மையமாக இருக்க, அவற்றைச் சுற்றி வாயில்களும் மண்டபங்களும் பல தலைமுறைகளாக வளர்ந்தன. ஐந்து மினாராக்களும் (உயர்ந்த கோபுரங்கள்) ஒரே காலத்தில் எழுந்தவையல்ல. அவற்றுள் மிக உயர்ந்ததான 131 அடிப் பெரிய மினாராவை 18-ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஓர் இந்து மன்னரின் கொடையே இன்று அந்த ஊரின் அடையாளமாக நிற்கிறது.

சிங்கப்பூர்த் தர்காவோ, சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களால் 1828-க்கும் 1830-க்கும் இடையில் ஒரே மூச்சில் கட்டப்பட்டது. கீழ்த்தளத்தில் ஐரோப்பியப் பாணித் தூண்களும் வளைவுகளும், மேலே துளையிட்ட சிறு சாளரங்களும், மூலைகளில் அடுக்கடுக்கான சதுர மினாராக்களும் அமைந்த அதன் முகப்பு அளவில் சிறியது. அக்காலத்தில் கடல் அந்தத் தெருவையே தொட்டுக்கொண்டிருந்தது. 1974-இல் தேசிய நினைவுச்சின்னமான இது, 2011 முதல் மரபு மையமாகவும் இயங்குகிறது.

கட்டடக்கலையின் ஒருமையை நாடுவோருக்குச் சிங்கப்பூரையும், வரலாற்றின் அடுக்குகளை நாடுவோருக்கு நாகூரையும் பரிந்துரைப்பேன்; கந்தூரி எனும் ஆண்டு விழாவின் கொடியேற்றத்தைக் காண விரும்புவோர் நாகூருக்குச் செல்லலாம்.