பத்து வயது எஸ்யூவியின் ஏர் சஸ்பென்ஷன்: எதை மாற்றுவது, எதைப் பிரித்துச் சரிசெய்வது

டேஷ்போர்டில் சஸ்பென்ஷன் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் கம்ப்ரசர் (காற்றை அழுத்தி ஏற்றும் பம்ப்) சூடேறி நின்றதாகப் பிழைக் கோட் வருகிறது. புதுக் கம்ப்ரசர் போடுகிறார்கள். சில மாதங்களில் அதுவும் போகிறது. பழைய ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளில் அதிகமாகப் பணம் வீணாவது இந்த வரிசையில்தான். கம்ப்ரசரைத் தின்றது பெரும்பாலும் பெல்லோ மடிப்பில், அதாவது சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பையின் மடிப்பில், விழுந்த மெல்லிய விரிசல். கசிவை அடைக்காமல் போடும் எந்தக் கம்ப்ரசரும் அதே வழியில்தான் போகும்.

கசிந்த காற்றை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடிச் சூடேறுவது ஒரு காரணம். இன்னொரு காரணம் டிரையரில் இருக்கிறது. உள்ளே போகும் காற்றின் ஈரத்தை டிரையரில் இருக்கும் மணிகள் உறிஞ்சிக்கொள்ளும். வண்டியைத் தாழ்த்தும்போது உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பி வெளியேறி, அந்த ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும். கசியும் வண்டியில் காற்று பெல்லோ வழியாகவே போய்விடுவதால் திரும்பி வர ஒன்றும் மிஞ்சுவதில்லை. மணிகள் நனைந்து, நொறுங்கி, பொடியாகின்றன. அந்தப் பொடி, நான்கு மூலைக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்குக்குள் போய் வால்வுகளை முழுதாக மூட விடாது. ஆக, பெல்லோவில் தொடங்கிய கோளாறு டிரையர், வால்வு பிளாக், கம்ப்ரசர் என்று மூன்று இடங்களுக்குப் பரவிவிடும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க வண்டியைச் சமதளத்தில் இரவு முழுக்க நிறுத்தினால் போதும். சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று குறைந்திருந்தால் கணக்கு தப்பும். டிஸ்கவரி 3 போன்ற சில வண்டிகள் நிறுத்திய பிறகும் அவ்வப்போது விழித்துக்கொண்டு, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் பார்த்தால் நான்கும் கசிவதுபோல் தோன்றும். சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு நிறுத்தினால்தான் குற்றவாளி தனியாகப் படுத்துக்கிடக்கும்.

சோப்பு நுரை போடும்போது வண்டியை உயர்ந்த நிலையில் வைத்து, கீழே ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். விரிசல் விழுவது ரப்பர் உருண்டு மடியும் இடத்தில். சாதாரண உயரத்தில் அது மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், உயர்த்தினால்தான் வெளியே வரும். பெல்லோவும் பைப் முனைகளும் சுத்தமாக இருந்தும் வண்டி இறங்கினால் வால்வு பிளாக்கைச் சந்தேகிக்கலாம்.

ஸ்ட்ரட் (பெல்லோவும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) முழுதாக மாற்றுவதா, பெல்லோ மட்டுமா? இது வண்டியைப் பொறுத்தது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 இ70-இன் பின்பக்கத்தில் பெல்லோ தனி, ஷாக் அப்சார்பர் தனி. அங்கே பெல்லோவை மட்டும் மாற்றுவது எளிய வேலை, ஜோடியாகவே மாற்றிவிடலாம். மெர்சிடிஸ் ஜிஎல் எக்ஸ்164-இன் முன்பக்கம்போல் இரண்டும் ஒரே ஸ்ட்ரட்டில் இருக்கும் வண்டியில், பெல்லோ கிழியும் வயதில் ஷாக்கும் தளர்ந்திருக்கும். எண்ணெய் கசிந்த ஷாக்கின் மேல் புது ரப்பர் போட்டால் வண்டி உயரமாக நிற்கும், மேடு பள்ளத்தில் கப்பல்போல ஆடும். மறுசீரமைத்த ஸ்ட்ரட் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ஷாக்கும் புதிதா, ரப்பர் மட்டும்தானா?

பழைய ஸ்ட்ரட்டில் ரப்பரை மட்டும் மாற்றித் தரும் கிட்கள் கிடைக்கின்றன. ரப்பரை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையத்தைச் சுற்றிலும் ஒரே அளவாக நெருக்க ஹைட்ராலிக் கருவி வேண்டும். குறடால் நெருக்கிய வளையம் முதல் நாளில் நுரைச் சோதனையில் தேறிவிடும். சூடும் குளிரும் மாறிமாறி வந்தபின் ஒரு ஓரம் தளரும். கருவி இல்லாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே மேல்.

கழற்றும் வேலையில் முதல் படி, கண்டறியும் கருவியால் அந்த அச்சின் காற்றை இறக்குவது. அப்போதும் பல ஸ்ட்ரட்களில் உள்ளே கொஞ்சம் அழுத்தம் தங்கியிருக்கும். அதனால் பைப் முனையை மெதுவாக, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு தளர்த்துங்கள். நைலான் பைப்பைக் கூரான பிளேடால் நேராக வெட்ட வேண்டும். குறடு பைப்பை நசுக்கி முட்டை வடிவமாக்கிவிடும், கசிவு அங்கிருந்தே தொடங்கும். புது முனையில் பைப் அடிவரை போயிற்றா என்று தெரிய, முன்பே மார்க்கரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் புதுக் கசிவு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த முனைகளைத்தான்.

பூட்டிய பின் செய்யவே கூடாத ஒன்று உண்டு: காற்றில்லாத பெல்லோவின் மேல் வண்டியின் எடையை இறக்குவது. ரப்பர் கோணலாக மடிந்து, புதுப் பெல்லோ முதல் நாளே கிழியும். சக்கரம் தொங்கும் நிலையிலேயே கொஞ்சம் காற்று ஏற்றி, மடிப்பு சீராக உருண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஜாக்கை இறக்குங்கள். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை) போல்ட்களை வண்டி சாதாரண உயரத்துக்கு வந்தபிறகே முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அடுத்து உயர அளவீடு (சரியான உயரத்தைக் கன்ட்ரோல் யூனிட்டில் பதிய வைப்பது), அதன் பிறகே வீல் அலைன்மென்ட். வரிசை மாறினால் அலைன்மென்ட் காசு தண்டம்.

கம்ப்ரசரைப் பிரித்துச் சரிசெய்வது பல வண்டிகளில் லாபமான வேலை. பெரும்பாலும் தேய்ந்திருப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள டெஃப்லான் வளையம். சிலிண்டர் சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் வளையம் மாற்றிப் பயனில்லை. சுவர் வழவழப்பாக இருந்தால் வளையம், ஓ-ரிங்குகள், டிரையர் மணிகள், உள்ளிழுக்கும் ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். கம்ப்ரசருக்கு மின்சாரம் விட்டு நிறுத்தும் ரிலேயைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பழைய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகும். இவ்வளவு மலிவான பாகத்தை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

வேலை முடிந்ததும் தாழ்ந்த நிலையிலிருந்து சாதாரண உயரத்துக்கு ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். பின்னாளில் அந்த நேரம் நீளத் தொடங்கினால், விளக்கு எரியும் முன்பே கசிவைத் தேடலாம். மடிப்பில் மண் தங்கினால் ரப்பரை அரைத்துவிடும், ஒவ்வொரு முறை கழுவும்போதும் வண்டியை உயர்த்தி அங்கே தண்ணீர் அடியுங்கள். பெட்ரோலியம் கலந்த பாலிஷ் எதையும் பெல்லோ மேல் தடவாதீர்கள்.

சுருள் ஸ்பிரிங்குக்கு மாறுவதும் ஒரு வழிதான். அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, இழப்பதைத் தெரிந்துகொண்டு செய்தால். பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், உயரம் கூட்டிக் குறைக்க முடியாது. எச்சரிக்கை விளக்கை அணைக்கக் கன்ட்ரோல் யூனிட்டில் மாற்றமோ தனி மாட்யூலோ தேவைப்படும். வண்டியின் உயரத்தை அளக்கும் சென்சார்களின் இணைப்புத் தண்டுகளைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் ஹெட்லைட்டின் சாய்வும் அவற்றின் அளவை வைத்தே சரிசெய்யப்படுகிறது.