யூரோவா, யென்னா: அக்கா மகளின் ஓராண்டு

இரண்டு கடிதங்களும் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று ஜெர்மனிக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகையோடு. மற்றது ஜப்பானுக்கு, ஜாஸோ எனப்படும் ஜப்பான் மாணவர் சேவை அமைப்பின் உதவித்தொகையோடு. இரண்டும் மாணவர் பரிமாற்றத் திட்டங்கள், இரண்டிலும் ஓராண்டு. அக்கா மகள் மெக்கானிக்கல் படிக்கிறாள். வீட்டில் வரவு செலவு பார்ப்பவள் நான் என்பதால் தாள்கள் என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. "எது நல்லது சித்தி?" என்றாள் அவள். "எதில் பணம் கூட?" என்றார் அத்தான்.

அத்தான் கேள்விக்கு விடை எளிது. வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் மாணவருக்கு எராஸ்மஸ் தருவது, போகும் நாட்டைப் பொறுத்து, மாதம் 800 முதல் 900 யூரோ. பயணத்துக்குத் தனித் தொகை உண்டு. ஜாஸோ தருவது மாதம் 80,000 யென். விமான டிக்கெட் நம் தலையில். கல்விக் கட்டணம் இரண்டு ஊரிலும் கேட்க மாட்டார்கள். ரூபாயாக மாற்றினால் யூரோ ஏறக்குறைய இரு மடங்கு. அத்தான் அந்த இடத்திலேயே முடிவுக்கு வந்துவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பணம் எப்போது கைக்கு வரும், அது வருவதற்குள் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை யாரும் கேட்கவில்லை.

ஜெர்மனியை முதலில் எடுத்துக்கொண்டேன். மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவுக்கான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இந்தத் தொகையை 11,904 யூரோவாக, அதாவது மாதம் 992 ஆக உயர்த்தினார்கள். உதவித்தொகைக் கடிதத்தைக் காட்டலாம்தான். ஆனால் 900 யூரோ வருகிறது என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 92 யூரோ இடிக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு 1,104 யூரோ. அந்த மீதியை நாம்தான் பிளாக்டு அக்கவுண்டிலோ (முன்கூட்டியே போட்டு முடக்கி, மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கும் கணக்கு) வேறு வகையிலோ காட்டியாக வேண்டும். அது நம் பணமாகவே திரும்பி வரும் என்பது உண்மை. ஆனால் புறப்படும் முன் புரட்ட வேண்டிய பணம் அது.

அடுத்தது அறை. என் கணக்கில் ஜெர்மனி சறுக்கிய இடம் இதுதான். மாணவர் விடுதிகளுக்குப் பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். வெளியே தேடினால், விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பல நேரம் 'குளிர் வாடகை'. வெப்பமூட்டல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால்தான் 'சூடான வாடகை'. முன்பணமாகக் குளிர் வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் தேவை. "பதிவு செய்ய முடியாது, வேண்டுமானால் தங்கிக்கொள்" என்று சொல்லும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அந்தத் தாள் இல்லையென்றால் தங்கும் அனுமதியிலிருந்து வங்கிக் கணக்கு வரை வரிசையாக எல்லாமே தடுமாறும். இவளுடைய சீனியர் ஒருத்தி இங்கிருந்தே படத்தைப் பார்த்து 600 யூரோ அனுப்பிவிட்டாள். போய் இறங்கியபோது அந்த முகவரியில் வேறு குடும்பம் இருந்தது.

சில்லறையும் இருக்கிறது. முப்பது வயதுக்குள் உள்ள மாணவருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவைத் தாண்டுகிறது. தவிர, வீட்டுக்கு வீடு வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லை என்று சொன்னாலும் விட மாட்டார்கள். அறையைப் பகிர்ந்துகொள்பவர்கள் அதையும் பகிர்ந்துகொள்ளலாம் என்பது ஆறுதல்.

ஜப்பானில் தொகை சிறிது, ஆனால் இறங்குவது சுலபம். விசா கேட்கக் காட்ட வேண்டிய தகுதிச் சான்றிதழை அங்குள்ள பல்கலைக்கழகமே குடிவரவுத் துறையிடம் விண்ணப்பித்து வாங்கி அனுப்புகிறது. அது மூன்று மாதம்தான் செல்லும் என்பதால், வந்தவுடன் சென்னையில் விசாவுக்குக் கொடுத்துவிட வேண்டும். நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற விமான நிலையங்களில் வந்து இறங்கினால் குடியிருப்பு அட்டையை அங்கேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள். வாரம் 28 மணி நேரம் பகுதிநேர வேலை பார்ப்பதற்கான அனுமதியையும் அதே இடத்தில் கேட்கலாம். பரிமாற்ற மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் விடுதியில் இடம் ஒதுக்குகின்றன. இவள் கடிதத்தில் அறை எண்ணே இருந்தது. பதினான்கு நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிவது அங்கும் உண்டு. போன கையோடு தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும். வருமானம் இல்லாத மாணவருக்கு அது மலிவு, மருத்துவச் செலவில் 30 சதவீதம் நம் பங்கு. இருபது வயது ஆனவர்கள் ஓய்வூதியச் சந்தாவிலிருந்து விலக்கும் அன்றே கேட்டுவிடுவது நல்லது. கேட்காவிட்டால் பில் வீடு தேடி வரும்.

குறை இல்லாமல் இல்லை. 80,000 யென்னை வைத்துக்கொண்டு டோக்கியோவில் தனி அறை எடுத்து வாழ முடியாது. இவளுக்குக் கிடைத்தது சிறிய ஊர், விடுதி, அதனால் சமாளிக்கலாம். மாதாமாதம் அலுவலகத்துக்குப் போய், தான் இங்கேதான் படிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் அந்த மாதத் தொகை. முதல் தொகை போனவுடன் வராது. ஒன்றரை, இரண்டு மாதச் செலவைக் கையில் கொண்டு போக வேண்டும்.

படிப்பு என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. எராஸ்மஸில் புறப்படும் முன்பே கற்றல் ஒப்பந்தம் என்ற தாளில் மாணவி, நம் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திட வேண்டும். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், இங்கே எதற்கு ஈடு என்று எல்லாம் அதில் இருக்கும். ஓராண்டுக்கு 60 கிரெடிட் அங்குள்ள கணக்கு. ஜப்பான் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலவழிப் பட்டியலில் ஜப்பானிய மொழியும் பண்பாடும் நிறைய, இயந்திரவியல் இரண்டே பாடம். திரும்பி வந்து ஒரு செமஸ்டரை மறுபடி எழுத நேர்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

காலண்டரில் வித்தியாசம் இல்லை. இரண்டும் அக்டோபரை ஒட்டித் தொடங்கி ஜூலை, ஆகஸ்டில் முடிகின்றன. இரண்டுமே நம் ஒற்றைப்படை செமஸ்டரை நடுவில் வெட்டும்.

பெட்டி விஷயத்தில் அக்காவுக்குத்தான் வருத்தம். ஐரோப்பாவுக்குள் பயணிகள் பால் பொருள் கொண்டு போகக் கூடாது. அவள் உருக்கி வைத்த நெய்க்கு அங்கே இடமில்லை. தேங்காய் போகலாம், பேரீச்சை போகலாம், கறிவேப்பிலை போகாது. ஜப்பானில் மருந்துதான் கண்டிப்பு. நாம் சளிக்குப் போடும் சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்தைத் தாண்டினால், முன்அனுமதி இல்லாமல் அங்கே கொண்டு போக முடியாது. டாக்டர் எழுதித் தந்த மருந்தானாலும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். மருந்துப் பையைப் பிரித்து ஒவ்வொரு அட்டையின் பின்புறத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மூன்று அட்டைகள் வெளியே வந்தன.

என் முடிவை அத்தானிடம் சொன்னேன். கையில் இரண்டு, மூன்று லட்சம் கடன் வாங்காமல் எடுத்து வைக்க முடிந்தால், விடுதி அறையும் உறுதியானால், ஜெர்மனி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஜப்பான். முதலாவதற்கு அவர் பாஸ்புக்கை எடுத்து வந்து காட்டினார், போதும். இரண்டாவதற்காக அவள் ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு ஒரே கேள்வியை எழுதியிருக்கிறாள்: பரிமாற்ற மாணவர்களுக்கென்று ஒதுக்கிய அறையில் எனக்கு ஒன்று உண்டா? ஜப்பானுக்குச் சம்மதம் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன்.