வாசல் தோட்டத்தில் புல்: நான்கு வருடக் கதை

கோவை வடவள்ளி பக்கம் எங்கள் வீடு. கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே இருபதுக்கு எட்டு அடி மண் இருக்கிறது. முதலில் அதில் கொரியன் புல் போட்டிருந்தோம். பார்க்க அழகுதான், ஆனால் தினமும் தண்ணீர், அடிக்கடி வெட்டு, போதாக்குறைக்கு நடுவே கோரை. கோரையைப் பிடுங்கினால் தழை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், அடுத்த வாரம் ஒன்றுக்கு மூன்றாக நிற்கும். 2021 ஆகஸ்டில் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் கொத்திப் போட்டுவிட்டு, தூராக வளரும் புல்வகைகளுக்கு மாறினேன். தோகை விடும் அலங்காரப் புல்லான ஊதா நிறப் பெனிசீட்டம் பன்னிரண்டு, மதிலோரம் வெட்டிவேர், கேட் பக்கம் எலுமிச்சைப் புல்.

பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுத்தார்கள். முதல் வருடம் அது சுத்தப் பொய். தூர்கள் பரந்து மண்ணை மூடும்வரை நடுவில் இருக்கும் காலி இடமெல்லாம் கோரைக்குத்தான் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் களைக்கொத்தோடு உட்கார்ந்தேன். காய்ந்த இலையும் தேங்காய் நாருமாக மூடாக்குப் போட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஒன்றரை அடி இடைவெளி போதும் என்றார்கள், அதுவும் தப்பு. ஒரே வருடத்தில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நெருக்க ஆரம்பித்தது, ஒன்று விட்டு ஒன்று பெயர்த்து மூன்றடிக்கு மாற்றினேன்.

நான் செய்த இன்னொரு தவறு எரு. ரோஜாவுக்குப் போடுகிற மாதிரி சாணி எருவை அள்ளிப் போட்டேன். புல் கொழுத்துக் கொழகொழவென்று நான்கு பக்கமும் விழுந்தது. இதற்குச் சத்துக் குறைந்த மண்ணும் முழு வெயிலும்தான் பிடிக்கிறது. வேப்பமர நிழலில் வைத்த மூன்று தூர்களில் ஊதா நிறமே வரவில்லை, அழுக்குப் பச்சையாக, தோகையும் பேருக்கு ஒன்றிரண்டுதான்.

ஆனால் வெயிலில் நிற்பவை இருக்கின்றனவே! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பூச்செடியெல்லாம் ஒடிந்து தொங்கும், இது மட்டும் அலை மாதிரி படுத்துப் படுத்து எழும். சின்னச் சின்னச் சில்லைக் குருவிகள் வந்து தோகையை உருவிக்கொண்டு எதிர்வீட்டு மரத்துக்குப் பறக்கும். அந்த ஊதா வகை விதையால் பரவாது என்பது பெரிய நிம்மதி. அதன் பச்சை நிறச் சொந்தக்காரன் ஹவாயில் காட்டுக்களையாகித் தொல்லை கொடுக்கிறது, வாங்கும்போது எது என்று பார்த்து வாங்குங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஒட்ட வெட்ட வேண்டும். முதல் தடவை ஏப்ரலில் வெட்டி இரண்டு தூரைச் சாகடித்தேன், துளிர் வருவதற்குள் வெயில் காய்ச்சிவிட்டது. இப்போது ஜூன் தொடக்கத்தில், காற்று பலப்படுவதற்கு முன்பே செய்துவிடுகிறேன். தூரை இடுப்பில் சேலை சுற்றுகிற மாதிரி கயிற்றால் இறுக்கிக் கட்டி, கதிர் அரிவாளால் அரையடி விட்டு அறுத்தால் முழுக்கட்டாக அப்படியே கையில் வரும். கட்டாமல் அறுத்தால் கூட்டிப் பெருக்கவே அரை நாள் போகும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிவேர்த் தழையின் ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும். அறுத்த பிறகு ஒன்றரை மாதம் வாசல் மொட்டைத்தலைதான், வீட்டில் விசேஷம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

வெட்டிவேர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு நான் அதற்குத் தண்ணீரே விட்டதில்லை. வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே கீழே போகும், அதனால் மதிலுக்குப் பயமில்லை. ஆனால் பானைத் தண்ணீரில் போட வேர் வேண்டும் என்று ஒரு தூரைக் கடப்பாரையால் தோண்டினேன், பாதி வேர் உள்ளேயே அறுந்துவிட்டது, இடுப்பும் போய்விட்டது. வேருக்காக என்றால் சாக்குப் பையில் வளர்ப்பதே புத்திசாலித்தனம். எலுமிச்சைப் புல் டீக்கு ஆச்சு, கொசுவை விரட்டும் என்பார்கள், ஆனால் கொசு வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கிறது. தெருமாடுகூட அதை மோந்து பார்த்துவிட்டு, கேட் இடுக்கில் தலையை விட்டுப் பெனிசீட்டத்தைத்தான் மேய்ந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, வாசல்ல மாட்டுத் தீவனம் போட்டிருக்கீங்க, பாம்பு வந்துரும்"னு இரண்டு வருடமாகச் சொல்கிறார். பாம்பை இதுவரை பார்க்கவில்லை. இருந்தாலும் அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை, படியிலிருந்து நாலடி காலியாக விட்டு, அடித்தழையைக் கழித்து, மண் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

வேப்பமர மூலைக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. போன தீபாவளிக்கு அங்கே நிழல் தாங்கும் மாண்டோ புல் வைத்தேன். ஆறு மாதமாகிறது, வைத்தது வைத்தபடி நிற்கிறது.