ஸ்டிக்கரை நம்பி மடிக்கணினி வாங்காதீர்கள்

சின்னவள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். பெரியவனுக்கு உயர்நிலைப் பள்ளியில் கற்றல் சாதனம் இருக்கிறது. வீட்டில் உள்ள ஒரே கணினி என் வீட்டுக்காரர் வேலைக்கே சரியாகிவிடும். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் இணையக் கற்றல் தளமான எஸ்எல்எஸ்ஸில் பாடம் செய்ய இரவு ஒன்பதரைக்கு மேல்தான் சின்னவள் கைக்கு அது வரும். தூங்கி வழிந்துகொண்டே செய்வாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், 400 வெள்ளிக்குள் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கக் கிளம்பினேன்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே, "விண்டோஸ் 11 முறையாக ஓடுமா?" என்பதுதான்.

"எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி. பிள்ளை படிக்கத்தானே அக்கா? அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல."

கடைக்காரர் சொன்ன ஐ5 செயலியின் வகை, 16 ஜிபி நினைவகத்தின் அளவு. விசைப்பலகைக்குக் கீழே ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் அப்படியேதான் இருந்தது. திரையில் விண்டோஸ் 11 தெரிந்தது. ரசீதில் அதையெல்லாம் எழுதித் தரச் சொன்னேன், தந்தார். 380 வெள்ளியைப் பேநவ் எனும் வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பினேன். தமிழில் அக்கா என்று கூப்பிட்டதும் மேற்கொண்டு சோதிக்கத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் மனத்தை அறுக்கிறது.

சனிக்கிழமை தம்பி சாப்பிட வந்தான். முக்கால் மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்துபோகிறது என்று சின்னவள் மாமாவிடம் முறையிட, வாங்கிப் பார்த்தவன் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். அடியில் பழைய ஸ்டிக்கரைப் பிய்த்த பசை கறுப்பாகத் திரண்டிருந்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்று திறந்து காட்டினான்: ஐ5-6300யூ, 8 ஜிபி. ஐ5க்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறையாம். 8250 என்றால் எட்டு, 6300 என்றால் ஆறு. ஆறாம் தலைமுறை விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலிலேயே இல்லை. அதன் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றிய கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்தே தீரும் என்ற உத்தரவாதம் கிடையாது.

திரும்பக் கடைக்குப் போனேன். அக்காவெல்லாம் போய்விட்டது. விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று பலகையைக் காட்டினார். இன்னும் 100 வெள்ளி கொடுத்தால் வேறு தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பலகையைக் கண்டு யாரும் பயந்துவிடாதீர்கள். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. பயனீட்டாளர் சங்கத்திடம் உதவி கேட்கலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான்.

பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் நின்று அபவுட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் காணொளி ஓடவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ரசீதில் மாடலும் தலைமுறையும் எழுதாத கடையில் வாங்கவே வேண்டாம்.

போன வாரம் மனுச் செய்துவிட்டேன். ரசீது, பேநவ் பதிவு, அபவுட் பக்கத்தின் படம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. தம்பி நெம்பிய ஓரம் மடங்கியபடியே இருக்கிறது. ஸ்டிக்கரை யாரும் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.