கல்லாறு தாண்டினால்தான் ஊட்டி ரயில்

காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் ஏறினோம். கல்லாறு வரை சாதாரண வண்டிதான். அதற்குப் பிறகு தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொள்ள, பின்னாலிருந்து நம்மைத் தள்ளிக்கொண்டே ஏறுகிறது நீராவி எஞ்சின். "இதுக்கு நடந்தே போயிடலாம்டா" என்றார் அம்மா. 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோது இறங்கினேன். கையிலிருந்த வடையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. எஞ்சின் பக்கம் போனால் முகத்தில் சூடு அடிக்கிறது, சட்டையில் கரித்தூள் ஒட்டுகிறது. வெள்ளைச் சட்டை வேண்டாம். ஒவ்வொரு குகைக்குள்ளும் பெட்டியே கூச்சல் போடுகிறது, அம்மா உட்பட.

குன்னூரில் டீசல் எஞ்சின் மாட்டியதும் எனக்குப் பாதி சுவை போய்விட்டது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். திரும்பும்போது நாங்கள் பஸ்தான்.