பாடநூலை எப்போது திறப்பது? மூன்று வகுப்பறை முறைகள்: ஓர் ஒப்பீடு

பத்தாம் வகுப்புக்கு 2019-20ஆம் கல்வியாண்டில் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்கள், முந்தைய சமச்சீர்க் கல்வி நூல்களைவிடச் செறிவானவை. அவற்றை வகுப்பில் கையாள்வதில் மூன்று வழிகள் பெரிதும் புழங்குகின்றன: ஆசிரியர் வரிவரியாக வாசித்து விளக்குவது, மாணவரே படித்து மனவரைபடம் (தலைப்பை நடுவில் வைத்துக் கருத்துகளைக் கிளைகளாக வரையும் படம்) வரைவது, பாட இறுதியிலுள்ள ‘புக் பேக்’ வினாக்களை மட்டும் குறிவைப்பது.

முதல் வழியில் பாடப்பகுதி உரிய காலத்தில் முடிந்துவிடும். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கும் பாடம் காதிலாவது விழும். ஆனால், புரிந்துகொள்ளும் பொறுப்பு முழுவதும் ஆசிரியரிடமே தங்கிவிடுவதால், இரண்டு பக்கங்களைத் தாண்டியதும் முதல் வரிசை மட்டுமே அவரோடு வருகிறது.

இரண்டாவது வழி, படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில் நடுநிலை வகுப்புகளில் அறிமுகமானது. அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல் என நீளும் அதன் படிநிலைகள் பாடக்குறிப்பேட்டில் வாழும் அளவுக்கு வகுப்பறையில் வாழவில்லை என்பது வேறு கதை. உண்மையாகவே நடத்தினால், வரலாற்றுப் பாடத்துக்கு இதற்கு இணையில்லை என்பேன். முதல் உலகப்போர் பாடத்தில் கூட்டணிகள், பால்கன் சிக்கல், உடனடிக் காரணம் ஆகியவை தனித்தனியே வருகின்றன. அவற்றை மாணவர் முதலில் தனித்தனிக் கிளைகளாகவே வரைவர். பிறகு குழுவில் தொகுக்கும்போது யாரோ ஒருவர், 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் நடந்த ஆஸ்திரிய இளவரசரின் கொலையிலிருந்து செர்பியாவுக்கும், அங்கிருந்து ரஷ்யாவுக்கும், ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் குறுக்குக் கோடுகள் இழுப்பார். ஆஸ்திரியாவும் செர்பியாவும் கொண்ட பகை எப்படி ஐரோப்பியப் போராயிற்று என்பது அந்தக் கோடுகளில்தான் பிடிபடுகிறது. வாசித்துக் காட்டுவதால் அது அரிதாகவே நிகழ்கிறது.

அதே முறையை அறிவியலின் ‘இயக்க விதிகள்’ பாடத்துக்குப் பொருத்தினால், உட்தலைப்புகளின் நகல்தான் மிஞ்சும். உந்த மாறுபாட்டு வீதம் என்ற சொற்றொடரைப் பத்து முறை படித்தாலும் கருத்து தானாகத் திறந்துகொள்வதில்லை. இங்கே நூலை மூடிவைத்தே தொடங்க வேண்டும். டம்ளரின் மேல் வைத்த அட்டையைச் சுண்டி, அதன்மீதிருந்த நாணயம் உள்ளே விழுவதைக் காட்டி நிலைமத்தை, அதாவது பொருள் தன் நிலையைத் தானே மாற்றிக்கொள்ளாத இயல்பைப் பேசிய பிறகு, விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கிவரும் அளவு என்பதைக் கரும்பலகையில் வருவிக்கலாம். அதன்பின் நூலைத் திறந்து, பலகையில் எழுதிய ஒவ்வொரு படியையும் அதிலுள்ள வருவிப்போடு மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாவது வழிக்குத் தேர்ச்சி விழுக்காட்டின் நெருக்கடியே தாய். பாடத்தின் உட்பகுதியிலிருந்தும் வினாக்கள் கேட்கப்படும் இன்றைய பொதுத்தேர்வில் அதை மட்டும் நம்புவது ஆபத்து. ஆயினும் அந்த வினாக்களைத் தள்ளிவிட வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் போதும். பாடத்தைத் தொடங்கும் முன்பே இரண்டு நெடுவினாக்களைப் பலகையில் எழுதிவிட்டால், மாணவர் எதையோ தேடிப் படிப்பார். மெல்லக் கற்போருக்கு இது மனவரைபடத்தைவிடவும் எளிய பிடிமானம்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். நேர்மையாக நடத்தும் மனவரைபட வகுப்பு இரண்டு பாடவேளைகளையாவது எடுக்கும் என்பதால், பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடங்களுக்கும் அது கட்டுப்படியாகாது. காரணகாரியத் தொடர்ச்சி மிகுந்த வரலாற்றுப் பாடங்களுக்கு அதை ஒதுக்கிவிட்டு, புவியியலின் மண்வகை, பயிர்ப் பட்டியல் போன்ற பகுதிகளை வாசித்து விளக்கியே கடந்துவிடலாம்.